ஆமைக்கு வைத்த பெயர்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று நம் பாட்டிமார்கள் சொல்லிச் சொல்லி, அந்தப் பிராணியின் பேரைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். அமீனாவைக் கண்டு பயப்படுவதிலாவது நியாயம் உண்டு. அவர் கோர்ட்டு உத்தரவோடு வந்து அண்டா குண்டான்களை ஜப்தி செய்துகொண்டு போகிறவர். ஆமை பாவம், என்ன செய்தது? தன் வீட்டையே முதுகில் சுமந்துகொண்டு திரிகிற பிராணிக்கு நம் வீட்டில் புகுந்து என்ன ஆக வேண்டும்?

இதிலே வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டில் ஆமை வடை என்றால் நாலு பேர் சமையலறை வாசலில் வந்து நிற்கிறார்கள். பெருமாள் கூர்மாவதாரம் எடுத்தார் என்றால் கன்னத்தில் போட்டுக் கொள்கிறார்கள். ஐந்து புலன்களையும் அடக்குவதற்கு உவமை தேடிய வள்ளுவருக்கு ஆமைதான் கிடைத்தது. கொஞ்ச வருஷங்களாக, விரலில் ஆமை மோதிரம் போட்டுக்கொண்டால் பணம் கொட்டும் என்று ஒரு புது நம்பிக்கை வேறு கிளம்பியிருக்கிறது! வீட்டுக்குள் வந்தால் தரித்திரம், விரலில் ஏறினால் ஐசுவரியம். ஆமைக்கு இது தெரிந்தால் தலையை உள்ளே இழுத்துக் கொள்ளாமல் என்ன செய்யும்?

ஆமையைப் பற்றி இந்த வாரம் எழுதக் காரணம், மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் கடிதம். அவருடைய பெண் பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் வருஷம் படிக்கிறாளாம். அலமாரிக்குப் பின்னால் கிடைத்த இரண்டு பல்லி முட்டைகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, ஜன்னலோரத்தில் வைத்துத் தினம் பார்த்துக் குறிப்பு எழுதுகிறாளாம். அது போகட்டும் என்று விட்டால், இப்போது ராத்திரி வேளையில் கடற்கரையில் ஆமை பார்க்கப் போக வேண்டும் என்கிறாளாம். மாமியார் ஒரு பக்கம், "பல்லியும் பாம்பும் பார்க்கிற பெண்ணை எவன் கட்டிக்கொண்டு போவான்?" என்று புலம்புகிறாராம். "இது ஒரு படிப்பா? இதிலே இறங்கிய பெண்கள் யாராவது உண்டா? உண்டென்றால் அவர்கள் என்ன ஆனார்கள்? மழுப்பாமல் எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

மழுப்பாமல் எழுதுகிறேன், அம்மா. ஒரே ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விஜயா என்று பெயர். 1959-ல் பிறந்தவர். நம் சென்னை எத்திராஜ் மகளிர் கல்லூரியில் விலங்கியல் படித்தவர். 1978-ல், கல்லூரி மாணவியாக இருக்கும்போதே, கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போய், "ஏதாவது வேலை கொடுங்கள், சம்பளம் வேண்டாம்" என்கிற தொண்டராகச் சேர்ந்தார். 1981-ல் அதையே முழு நேர வேலையாக்கிக் கொண்டார். இந்தியாவில் ஊர்வனவற்றை ஆராய்வதையே வாழ்க்கையாகக் கொண்ட முதல் பெண் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள்.

பாம்புப் பண்ணையை உங்களில் பலர் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருப்பீர்கள். ராமுலஸ் விட்டேக்கர் என்பவர் முதலில் சேலையூரில் சின்ன அளவில் ஆரம்பித்து, 1972-ல் கிண்டிக்குக் கொண்டு வந்தது அது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், நல்ல பாம்பைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டு வீடு திரும்புகிற நமக்கு, அந்த இடத்தின் இன்னொரு முகம் தெரிய நியாயமில்லை. அங்கேதான் ஒரு சின்ன இளைஞர் கூட்டம் சேர்ந்தது. பாம்பு, முதலை, ஆமை, ஓணான் என்று யாரும் சீந்தாத ஜீவன்களைப் பற்றி, எது எங்கே இருக்கிறது, எத்தனை மிச்சம் இருக்கிறது, எப்போது முட்டை இடுகிறது என்று தேடிப் போவதே அவர்களுக்கு வேலை. அவர்கள் கண்டுபிடித்ததை எழுதுவதற்கென்று 'ஹமட்ரையாட்' என்று ஒரு சிறு பத்திரிகையும் இருந்தது. ராஜ நாகத்தின் பெயர் அது.

அந்தக் கூட்டத்தில் சதீஷ் பாஸ்கர் என்று ஒருவர் இருந்தார். அவர் கதையைச் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை. கடல் ஆமைகளுக்காக இந்தியக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே தீர்த்த மனிதர். 1982-ல், லட்சத்தீவுக் கூட்டத்தில் மனித வாசமே இல்லாத சுஹேலி என்ற தீவில், மழைக்காலம் முழுவதும் தன்னந்தனியே தங்கினார். அந்தப் பருவத்தில் அங்கே படகு போகாது. ஐந்து மாசம்! சென்னையில் மனைவியும் கைக்குழந்தையும். தபால் ஏது, தந்தி ஏது? மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டிலில் போட்டு அடைத்து, கடலில் வீசினார். 24 நாள் கழித்து அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்தது. அந்தப் புண்ணியவான் அதை மெனக்கெட்டுத் தபாலில் சேர்த்தார். கடிதம் சென்னைக்கு வந்து சேர்ந்தது!

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படிக்கும்போதே நம் மனசு எங்கே போகிறது பாருங்கள். ஐந்து மாசம் கைக்குழந்தையோடு காத்திருந்த அந்த மனைவியிடம் போகிறது. ஆண்பிள்ளை தீவுக்குப் போனால் "ஆராய்ச்சி" என்கிறோம். அதே மாதிரி ஒரு பெண் கிளம்பினால் முதல் கேள்வி, "யார் துணைக்கு?" என்பது. கேட்பதில் தப்பில்லை. அந்தக் கேள்வியோடு பேச்சை முடித்து விடுவதுதான் தப்பு.

விஜயா விஷயத்துக்கு வருகிறேன்.

வங்காளத்தில் திகா என்று ஒரு கடற்கரை ஊர். ஒரிஸ்ஸா, வங்காளக் கரையோரம் பங்குனி ஆமைகள் ஆயிரக்கணக்கில் கூடும் காலத்தில் அவற்றை வலை போட்டுப் பிடித்து, மாமிசத்துக்காகக் கல்கத்தாச் சந்தைகளுக்கு அனுப்புவது அப்போது பெரிய வியாபாரமாக நடந்தது. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்து வருஷம் பத்து ஆகிவிட்டது. ஆனால் சட்டம் காகிதத்தில், ஆமை லாரியில் என்று இருந்த காலம். அங்கே கொன்று குவிக்கப்பட்ட ஆமைகளை விஜயா போட்டோ எடுத்தார். இருபத்து மூன்று வயசுகூட நிரம்பாத ஒரு பெண், அந்த ரத்தத்துக்கும் நாற்றத்துக்கும் நடுவே, அந்த வியாபாரத்தாலேயே பிழைக்கிறவர்கள் பார்த்துக் கொண்டிருக்க, காமிராவை எடுத்திருக்கிறார் என்றால் சும்மா இல்லை. அந்தப் படங்கள் 1982-ல் 'இந்தியா டுடே' பத்திரிகையில் வெளியாயின. பிரதமர் இந்திரா காந்தியின் கண்ணில் அது பட்டது. ஆமை பிடிப்பதைத் தடுக்கும்படி கடலோரக் காவல் படைக்கு உத்தரவு போயிற்று.

அதே 1982-ல்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அந்தச் சின்ன ஆமையின் கதையும் வருகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

1912-ல், எழும்பூர் மியூசியத்துக்குத் தலைவராக இருந்த ஹெண்டர்சன் என்ற வெள்ளைக்காரப் பிராணி நூலார், கொச்சி சமஸ்தானத்துக் காட்டிலிருந்து வந்த இரண்டு ஆமைகளைப் பார்த்து, இது உலகத்தில் யாரும் எழுதி வைக்காத புது ஜாதி என்று குறிப்பு வெளியிட்டார். காட்டில் வசிப்பது என்ற பொருளில் 'சில்வாட்டிக்கா' என்று லத்தீன் பெயரும் வைத்தார். ஆமை என்றால் குளத்திலும் ஆற்றிலும் இருக்கும் என்றுதானே நினைப்போம்? இது மழைக்காட்டுத் தரையில், உதிர்ந்த இலைச் சருகுக்கு அடியில் வாழ்வது. அந்தக் காட்டில் பரம்பரையாக வாழ்கிற காடர் என்னும் மலைவாசிகளுக்கு இது பழகிய பிராணி. 'சூரல் ஆமை' என்பார்கள். சூரல் என்றால் பிரம்பு.

பெயர் வைத்தாயிற்று. அதோடு சரி. அப்புறம் எழுபது வருஷம் எந்த ஆராய்ச்சியாளர் கண்ணிலும் அது படவில்லை! இரண்டு உலக யுத்தம் நடந்தது. வெள்ளைக்காரன் வந்த வழியே போனான். கொச்சி சமஸ்தானமே இல்லாமல் போயிற்று. புஸ்தகங்களில் மட்டும் அந்த ஆமை இருந்தது. இருக்கிறதா, அழிந்து விட்டதா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

இதைத் தேடிக்கொண்டுதான் விஜயா கேரளத்துக்குப் போனார். சாலக்குடிப் பக்கத்துக் காடுகள். அட்டை ஒரு பக்கம், மழை ஒரு பக்கம், யானை எந்தப் பக்கம் என்று தெரியாது. காட்டுக்குள் ஒரு குகையையே ஜாகையாக வைத்துக்கொண்டு, காடர்களின் துணையோடு தேடினார். இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புஸ்தகத்தில் எழுபது வருஷமாகக் காணாமல் போயிருந்த ஆமை, காடர்களுக்குக் காணாமல் போகவே இல்லை. அவர்களைக் கேட்க வேண்டும் என்று தோன்றியவருக்கு, அவர்களோடு காட்டில் உட்காரப் பொறுமை இருந்தவருக்கு, அது கிடைத்தது. கெட்டிக்காரத்தனத்தில் இது ஒரு தனி ரகம். காலேஜில் இதற்கு மார்க்கு கிடையாது.

கிடைத்த ஆமையோ ஓர் ஊத்தப்பத்தின் அகலம்கூடத் தேறாது. ஓட்டின் நீளம் 13 சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். காய்ந்த இலையின் நிறத்தில் ஓடு. அதன் மேல் நீளவாட்டில் மூன்று வரம்புகள். சருகில் அசையாமல் கிடந்தால், காலால் மிதித்தாலும் தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தால் மஞ்சள் பூசிக் குளித்து வந்த மாதிரி மஞ்சள். மூக்கு நுனியில் பொட்டு வைத்தாற்போல் சிவப்பு! நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அது அப்படித்தான் இருக்கிறது. சுமங்கலிப் பெண்டுகளின் முகக்களையோடு ஒரு பிராணியைப் படைத்துக் காட்டுக்குள் ஒளித்து வைத்தவனை என்ன சொல்ல?

கண்டுபிடித்ததை விஜயா அந்த வருஷமே 'ஹமட்ரையாட்'டில் எழுதினார். பேப்பரில் பெயர் வந்ததும் திருப்திப்பட்டு விட்டுவிடவில்லை. என்ன தின்கிறது, எங்கே ஒளிகிறது, எத்தனை முட்டை இடுகிறது என்று தொடர்ந்து பார்த்து எழுதினார். எட்வர்டு மோல் என்ற அமெரிக்க ஆமை நிபுணரும், குரூம்பிரிட்ஜ் என்ற இங்கிலாந்துக்காரரும், இவரும் சேர்ந்து இந்த ஆமையைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் 1986-ல் வெளியிட்டார்கள். இலை, உதிர்ந்த பழம், பூச்சி, நத்தை எல்லாம் இதற்கு ஆகாரம். மேற்குத் தொடர்ச்சி மலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது.

"ஆராய்ச்சி" என்றதும் நம் கண் முன்னால் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும் வந்து நிற்கும். ஊர்வனவற்றை ஆராய்கிறவர்களின் சாமான்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு தராசு. ஒரு டேப்பு. பென்சில். நோட்டு. ஆமை ராத்திரியில் எங்கே போய் வருகிறது என்று அறிய அவர்கள் வைத்திருக்கும் பழைய முறை ஒன்றைச் சொல்கிறேன், தையல் தெரிந்த நீங்கள் ரசிப்பீர்கள். ஆமையின் ஓட்டின் மேல் ஒரு நூல்கண்டை ஒட்டி, நூலின் ஒரு நுனியைச் செடியில் கட்டி விடுவார்கள். ஆமை நடக்க நடக்கக் கண்டு பிரியும். காலையில் போய் நூலைப் பிடித்துக்கொண்டே நடந்தால், நம் கதாநாயகர் எந்தப் புதருக்குள் நுழைந்தார், எந்தக் கட்டையைச் சுற்றினார், எந்த இடத்தில் மனசு மாறித் திரும்பினார் என்று முழு யாத்திரையும் தெரிந்துவிடும். இப்போது சின்ன ரேடியோக் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் நூல் சொல்கிற அத்தனை வளைவு நெளிவையும் ரேடியோ சொல்வதில்லை.

இனி, அந்தச் சகோதரி கேட்ட கடினமான கேள்வி. "அவர்கள் என்ன ஆனார்கள்?"

விஜயா 1987-ல், இருபத்தெட்டாவது வயதில் இறந்து போனார். கர்நாடகத்தில், ஒரு காட்டிலே அவருடைய உடல் கிடைத்தது. எப்படி நேர்ந்தது என்பது துலங்கவே இல்லை. இதை எழுதாமல் விட்டால், மழுப்பாமல் எழுதுங்கள் என்று கேட்ட தாயாருக்கு நான் பொய் சொன்னதாக ஆகும். அதற்கு மேல் ஊகமாக ஒரு வார்த்தை சொல்வதும் அந்தப் பெண்ணுக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் கழித்து, 2006-ல், ஐரோப்பிய விஞ்ஞானிகள் சிலர் ஆமைகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, நம் சூரல் ஆமை அதுவரை வைத்திருந்த குடும்பத்தில் ஒட்டவில்லை என்று கண்டார்கள். இது தனிக் கிளை. ஆகவே புதுக் குடும்பப் பெயர் வைக்க வேண்டும். கிரேக்க பாஷையில் 'கெலிஸ்' என்றால் ஆமை. விஜயாவின் ஆமை என்ற பொருளில் 'விஜயாகெலிஸ்' என்று வைத்தார்கள். இன்று டோக்கியோவிலோ பெர்லினிலோ யார் இந்த ஆமையைப் பற்றி ஒரு வரி எழுதினாலும், 'விஜயாகெலிஸ் சில்வாட்டிக்கா' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அந்த விஞ்ஞானிகள் விஜயாவின் சொந்தமும் இல்லை, சுற்றமும் இல்லை. அவர் எழுதி வைத்ததைப் படித்தவர்கள், அவ்வளவுதான்.

சரி, மாம்பலத்துப் பெண் கடற்கரைக்குப் போகலாமா?

போகட்டும் என்பேன். பயப்படும்படியான காரியம் இல்லை. பாம்புப் பண்ணைக்காரர்கள் 1970-களில் சென்னைக் கரையில் நடக்க ஆரம்பித்தார்கள். 1988-லிருந்து மாணவர்களே ஓர் அமைப்பு வைத்து அதை நடத்தி வருகிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் சுமார், ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை ராத்திரி நடை. கூட்டமாகத்தான் போவார்கள். நீங்களே பெண்ணோடு ஒரு நாள் போய்ப் பாருங்களேன்! மாமியாரையும் கூட்டிப் போகலாம் என்று எழுத வந்தேன். மணலில் ஏழு கிலோமீட்டர் முழங்காலுக்கு ஆகாது.

போனால் என்ன பார்ப்பீர்கள்? அதிர்ஷ்டம் இருந்தால், இருட்டில் கடலிலிருந்து ஒரு பங்குனி ஆமை தள்ளாடித் தள்ளாடி ஏறி வரும். பின்னங்கால்களால் குழி தோண்டி, நூறு முட்டை சுமாருக்கு இட்டு, மணலைத் தள்ளி மூடி, திரும்பிப் பார்க்காமல் போய்விடும். முட்டையிடும்போது அதன் கண்ணிலிருந்து நீர் வழியும். பிரசவ வேதனை என்று நாம் உருகிப் போவோம். உண்மையில் அது உடம்பில் சேர்ந்த கடல் உப்பை வெளியேற்றுகிற சுரப்பியின் வேலை, கடலுக்குள் இருக்கும்போதும் நடப்பது. காரணம் தெரிந்த பிறகும் அந்தக் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள்.

அந்த முட்டைகளை நாயும் நரியும் தோண்டாமல் இருக்க, எடுத்து வந்து வேலி கட்டிய மணல் பரப்பில் மறுபடி புதைப்பார்கள். 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் குஞ்சு பொரிந்து, வெளிச்சம் தெரிகிற திசையைப் பார்த்து ஓடும். ஆதியில் அந்த வெளிச்சம் கடல் பக்கத்து வானம். இப்போது நம் தெரு விளக்கும் மாடி விளக்கும் அதைவிடப் பிரகாசமாக இருப்பதால், பச்சைக் குஞ்சுகள் ரோட்டைப் பார்த்துத் திரும்பி விடுகின்றன. கடலோரப் பிளாட்டுகளில் குடியிருக்கும் சகோதரிகள் அந்த மாதங்களில் கடல் பக்கத்து விளக்கை அணைத்து வைத்தால் கரெண்டு பில்லும் குறையும்.

இன்னொரு ஆச்சரியத்தையும் சொல்லிவிட வேண்டும். கோழிக்குஞ்சு சேவலா பெட்டையா என்பது கருவிலேயே தீர்மானமாகிவிடுகிறது. கடலாமைக்கு அப்படி இல்லை! முட்டை புதைந்திருக்கும் மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு மிகுந்தால் பெண், தணிந்தால் ஆண். ஊர்வனவற்றில் இப்படி ஒரு விந்தை உண்டு என்று முதன்முதலில், 1966-ல், ஓணான் ஜாதி ஒன்றை வைத்து எழுதியவரும் ஒரு பெண்மணிதான். மாடலீன் ஷார்னியே என்று பெயர். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டில் வேலை பார்த்தவர். நம் மகாபலிபுரம் ரோட்டில் வடநெம்மேலி முதலைப் பண்ணையிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். நம் ஊர் முதலை முட்டையை 31 டிகிரி வரை வைத்தால் எல்லாம் பெண்; 32.5 டிகிரியில் வைத்தால் ஆண். ஒன்றரை டிகிரி! நமக்கு அது ஜுரமா இல்லையா என்று தெர்மாமீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற வித்தியாசம். கடலாமைக்கு உஷ்ணம் கூடினால் பெண், முதலைக்கு ஆண் என்று ஏன் தலைகீழாக இருக்கிறது என்று உங்கள் பெண் கேட்பாள். கேட்கட்டும், அவள் பேராசிரியர்கள் அதற்குத்தான் இருக்கிறார்கள். பூமி சூடாகிக்கொண்டு வருகிறதே, எல்லாக் கடலாமைக் குஞ்சும் பெண்ணாகவே பிறந்துவிட்டால் அப்புறம் என்ன கதி என்று அவள் அடுத்தபடி கேட்டாளானால், பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் கேட்டுக் கொண்டிருக்கும் கேள்வியையே கேட்டுவிட்டாள் என்று சந்தோஷப்படுங்கள்.

இவ்வளவு தூரம் வந்தபிறகு ஒரு கண்டிப்பும் உண்டு. ஆசையில் ஆமைக்குட்டி வாங்கி வீட்டில் வளர்க்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதுகில் நட்சத்திரக் கோலம் போட்ட மாதிரி இருக்குமே, அந்த நட்சத்திர ஆமையை அதிர்ஷ்டம் என்று சிலர் ரகசியமாக வாங்கி வைக்கிறார்கள். சட்டப்படி அது குற்றம். பிடிபட்டால் ஆமை புகுந்த வீட்டில் அமீனாவுக்குப் பதில் வன இலாகா புகும்.

பல்லிக்கு அந்தத் தொல்லை இல்லை; அது நாம் கூப்பிடாமலே வந்து குடியிருக்கிறது. எந்தத் திசையில் சொல்லிற்று, யார் தலையில் விழுந்தது என்று அதன் பலனைப் பார்க்கிறோமே தவிர, பல்லியைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? அதற்கு மூடி விழிக்க இமை கிடையாது. கண்ணில் தூசி பட்டால் நாக்கை நீட்டித் துடைத்துக் கொள்ளும். மாம்பலத்துப் பெண் இதையெல்லாம் முன்பே நோட்டில் எழுதியிருப்பாள். தேதி, மணி, மழையா வெயிலா என்பதையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். நாலு வருஷம் கழித்துப் பார்க்கும்போது அதுதான் உதவும்.

கடைசியாக அந்த ஹார்லிக்ஸ் பாட்டில். அடைக்கோழி தன் முட்டைகளை அடிக்கடி புரட்டிப் போடும். அதைப் பார்த்துவிட்டு, பல்லி முட்டையையும் புரட்ட வேண்டும் என்று உங்கள் பெண் நினைத்திருக்கலாம். கூடாது. ஊர்வனவற்றின் முட்டை இட்டது இட்டபடியே இருக்க வேண்டும்; புரட்டினால் உள்ளே கரு நசிந்து போகலாம். கடற்கரையில் ஆமை முட்டையை எடுக்கிறவர்களும் அதனால்தான் அவ்வளவு ஜாக்கிரதையாகக் கை வைக்கிறார்கள். மேல் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்துக் கொண்டால், யாராவது தட்டிவிட்டாலும் தெரிந்து போகும். பாட்டில் மூடியில் இரண்டு மூன்று துளை போடச் சொல்லுங்கள். ஜன்னலோரத்தில் உச்சி வெயில் நேராக விழுமானால் நகர்த்தி வைக்க வேண்டும். பொரிந்த அன்றைக்கு எனக்கு ஒரு கார்டு போடுங்கள், அம்மா. மாமியாருக்குத் தெரியாமலே போட்டாலும் சரி.